பானெட்டில் ஒரு ‘ங்க’

பானெட்டின் மேல் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்த குளியல் துண்டை நஞ்சுண்டன் உரித்து எடுத்தார்.

கறுப்புக் கார். அதன் மேல் கையகல எழுத்தில் கீறியிருந்தது: பொறுக்கிங்க.

பத்தரைக்கு அவருடைய மில்லில் திறப்பு விழா. வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் தங்குவதற்குப் புது விடுதி கட்டியிருக்கிறார்கள். ரிப்பன் வெட்டப் போவது முதலாளியான அவர்தான். மற்ற வண்டிகளெல்லாம் விருந்தாளிகளை அழைத்துவரப் போய்விட்டனவாம். அதற்குள் இந்த எழுத்து போயாக வேண்டும் என்றார்.

சூலூர் ரோட்டில் காலையில் இந்த நேரத்துக்கு எந்தக் கார் பாலிஷ் கடையும் திறந்திருக்காது. நான் மட்டும் இன்றைக்குச் சீக்கிரமே என் கடை ஷட்டரை ஏற்றியிருந்தேன்.

அவர் எழுத்தை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

“திட்டறதுலயும் ‘ங்க’ போட்டிருக்குது பாருங்க அம்மணி. நம்மூருக்காரங்களுக்கு மரியாத மட்டும் போகவே போகாதுங்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவருக்கு என்னைத் தெரியாது. முகத்தில் மாஸ்க். மாஸ்க் இல்லாவிட்டாலும் தெரியாது. என் தங்கை தேஜஸ்ரீயைத் தெரியும். அவருடைய மில் ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். ஒரு நாள் மத்தியானம் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாரே, அவள்தான்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னோம். பெரிய மனுசருங்க, அப்படியெல்லாம் செய்வாருங்களா என்று எங்களையே திருப்பிக் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் டீ வாங்கிக் கொடுத்தார். வயசுப் பொண்ணுங்க, பேர் கெட்டுப்போகுமுங்க, ஊட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க என்றார். எல்லாரிடமும் அத்தனை மரியாதை. புகாரை மட்டும் ஒருத்தரும் எழுதிக்கொள்ளவில்லை.

தேஜுவே அழுகையின் நடுவில், கதவச் சாத்திப்போட்டாருங்க என்றுதான் சொன்னாள். அந்த ஆளுக்கு என்னடி ‘ங்க’ என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

அன்றைக்குப் பிறகு அவள் வேலைக்கும் போகவில்லை, வாசலுக்கும் வரவில்லை. இவர் விடுதி கட்டிக்கொண்டிருந்தார்.

நகத்தை எழுத்தின் மேல் வைத்து இழுத்தேன். எங்கள் தொழிலில் இதுதான் முதல் சோதனை. நகம் வழுக்கினால் கீறல் மேல்பூச்சோடு நிற்கிறது, தேய்த்தே எடுத்துவிடலாம். நகம் மாட்டினால் உள்ளே இறங்கிவிட்டது, புதிதாகப் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

‘பொ’வில் மாட்டியது. ‘று’வில் மாட்டியது. ‘க்கி’யில் அடியிலிருக்கும் பிரைமரே வெள்ளையாகத் தெரிந்தது.

‘ங்க’வில் மட்டும் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அந்த இடத்தில் கைக்குக் கோபம் இல்லை. வெறும் பழக்கம்.

எடுக்க முடிந்ததை எடுத்துத் தருகிறேனுங்க என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு போனில் பேச ஆரம்பித்தார். விடுதி வாசலில் பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்த வேண்டுமாம். எல்லார் கையிலும் பூத்தட்டு இருக்க வேண்டுமாம். சின்னப் பிள்ளைகளாகப் பார்த்து முன்னால் நிறுத்துங்க என்றும் சொன்னார்.

பாலிஷ் மெஷினைக் கையில் எடுத்ததும் கெட்ட புத்தி வந்தது. ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் போதும், பெயிண்ட் வெந்துபோகும். பானெட் முழுக்க நாசம் செய்துவிடலாம். ஆனால் அப்புறம் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

வேண்டாம் என்று மெஷினைக் கீழே வைத்தேன்.

வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். தேய்த்த இடம் மங்கிப்போய்ப் பால் மாதிரி வெளுத்தது. இன்னும் நைசான பேப்பர் எடுத்துத் தேய்த்தேன். அப்புறம் காம்பவுண்ட் பசை வைத்து மெஷினை ஓட்டினேன். மங்கல் விலகிக் கறுப்பு திரும்பி வந்தது. எடுத்ததுதான் எடுத்தோம் என்று பானெட் முழுக்க ஒரு சுற்றுப் பாலிஷ் போட்டேன். இத்தனை வருஷத்தில் எந்த வண்டிக்கும் இவ்வளவு ஆசையாக வேலை செய்ததில்லை.

மேலே ஓடுகிற ஃபேன் பானெட்டிலும் ஓடியது. துணியால் கடைசியாக ஒரு தடவை துடைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

நஞ்சுண்டன் போனைப் பைக்குள் போட்டபடி வந்து குனிந்தார். முகம் பளிச்சென்று தெரிந்தது. முகத்துக்குக் குறுக்கே, முன்னைவிடத் தெளிவாக: பொறுக்கி.

அவன் என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி எழுத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தான்.

“எழுத்துப் பிழை இருந்துச்சு. திருத்திப்போட்டேன்,” என்றேன்.

மாஸ்க்கைக் கழற்றினேன். தேஜஸ்ரீயின் அக்கா என்று சொன்னேன். அவன் முகம் செத்துப்போய் மறுபடி உயிர் வந்தது. ஸ்டேஷனுக்குப் போகிறேன், கேமரா பார்த்து எவள் கிறுக்கினாள் என்று கண்டுபிடிக்கிறேன், அவளையும் உன்னையும் உள்ளே தள்ளுகிறேன் என்று கத்தினான். ரோட்டில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் படித்தார்கள்.

கேமராவெல்லாம் எதற்கு? ஷட்டர் சாவியை எடுத்து அவன் முன்னால் பானெட்டிலேயே வைத்தேன். அதன் பல்லில் கறுப்புப் பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் கல்யாண மண்டபத்துப் பார்க்கிங்கில் எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்ததிலிருந்து, அந்தக் கடைசி இரண்டு எழுத்துதான் என்னைத் தூங்கவிடவில்லை.

“போ. நீ புகார் குடுத்தா ரைட்டர் எழுதிக்குவார். வண்டில என்ன எழுதியிருந்துச்சுன்னு கேப்பார். உன் வாயாலயே சொல்லு.”