எழுதுறது யாரு?

குணாளன் அரசாங்க அடையாள அட்டையைக் கல்லாவின் மேல் வைத்ததும் ரொட்டிக்கடை முதலாளி சம்சியாவின் முகம் மாறிவிட்டது. ஒரு மாதமாக மாலை வேளையில் வந்து, கடைசி மேசையில் கைப்பேசியும் சீனி குறைத்த தே தாரிக் தேநீருமாக உட்கார்ந்திருப்பவர். அவர் அதிகாரி என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்ப இத்தனை நாளா இங்க தே குடிக்க வரல. எங்கள வேவு பாக்க வந்துருக்கீங்க," என்றார் சம்சியா.

குணாளன் குரலைத் தணித்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"முச்சந்திக்கு முச்சந்தி மூஞ்சிய அடையாளம் பிடிக்கிற கேமரா வைக்கிறாங்கல்ல, அத எதுத்து யாரோ பேஸ்புக்ல பேர் போடாம எழுதறாங்க. படிச்சிருப்பீங்க."

"சுங்கைப் பட்டாணி ஊரே படிக்குது. யார் எங்க போறா, யாரோட பேசறான்னு அவங்களுக்கு எதுக்குன்னு கேக்கறாரு. நியாயந்தான?"

"அதெல்லாம் உங்க கடை வைஃபைலருந்துதான் போவுதுக்கா. தமிழ்ல இருக்கறதால கண்டுபிடிக்கச் சொல்லி என்னை அனுப்பிருக்காங்க. கடை கேமரா பதிவும், வைஃபைல சேந்த போன் விவரமும் வேணும்."

"கோர்ட் ஆர்டர் இருக்கா தம்பி?"

"இல்லக்கா. நல்லபடியா கேட்டாலே குடுத்துருவாங்கன்னு எங்க பாஸ் சொன்னாரு."

"உங்க பாஸ் என் கடைப்பக்கம் வந்ததில்ல போல."

ரொட்டி வீசிக்கொண்டிருந்த கடை ஆள் கவுஸ் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"எழுதறவரு உங்களுக்கு வேண்டியவராக்கா?"

"யாருன்னே தெரியாது. சொல்ற விஷயம் சரி. ஆனா ரொம்ப நீட்டி முழக்குறாரு. பாதிலயே கொட்டாவி வந்துரும்."

குணாளனின் முகம் சுண்டிப்போனது. "பள்ளிக்கூட வாசல் கேமராவப் பத்தி வந்ததுமா?"

"அது பரவால்ல."

குணாளன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் அதிகாரியானார். "தப்பு பண்ணாதவங்களுக்கு கேமராவக் கண்டா என்னக்கா பயம்?"

"தப்பு பண்ணாதவங்க வீட்டு சன்னல்லயும் திரை தொங்குது தம்பி." சம்சியா மேசைகளைக் காட்டினார். "அந்த மனுசனுக்கு இனிப்பு நீரு. பொண்டாட்டிக்குத் தெரியாம வாழைப்பழம் வச்ச ரொட்டி பீசாங் சாப்பிடறாரு. அந்தப் பிள்ளைங்க கூலிம் பேக்டரில ஷிப்ட் முடிச்சிட்டு வந்து சூப்பர்வைசர வாயாரத் திட்டுதுங்க. நான் கேமரா வச்சது கல்லாவுல கை வைக்கறவனப் பிடிக்க. இவங்க மூஞ்சிய தூக்கி உங்ககிட்ட குடுக்கறதுக்கு இல்லலா."

"அடுத்த மாசம் கடை லைசென்ஸ் புதுப்பிக்கணும். இழுத்தடிப்பாங்க. யோசிச்சுக்குங்க."

கணவர் இறந்த பிறகு இந்தக் கடைதான் சம்சியாவுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போடுகிறது. காய்ந்திருந்த கல்லா மேசையைத் துணியால் துடைத்தார்; மறுபடியும் அதே இடத்தையே துடைத்தார்.

"இழுக்கட்டும்," என்றார் கடைசியில். "என்னை நம்பி உள்ள வந்து உக்காந்தவங்கள நான் காட்டிக் குடுக்க மாட்டேன். லைசென்ஸ் போனா பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல கடை போட்டுக்கறேன்."

"எங்க பாஸே நேர்ல வந்து கேட்டா?"

"அவருக்கும் இதான் பதில். ஆர்டரோட வந்தா, நானும் வக்கீலோட நிப்பேன்."

குணாளன் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடை முதலாளி ஒத்துழைக்கவில்லை என்று ஆபீசில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பெரிய சுமையை இறக்கி வைத்தவர்போல் நீளமாக மூச்சு விட்டார்.

"அப்ப கிளம்ப வேண்டியதுதான?" என்றார் சம்சியா.

குணாளன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கல்லாவின் மேல் குனிந்தார்.

"இனிமேயும் நான் இங்கயே உக்காந்து எழுதிக்கறேன்க்கா."