நல்ல கதை, ஆனால்

இருட்டியதும் எலி வீட்டுக் கதவை யாரோ பிறாண்டும் சத்தம் கேட்டது.

"நான்தான் அக்கா," என்றது பூனை. "இரவல் கொடுத்தேனே, புத்தகம் எப்படி?"

"அருமை. எலிக்குட்டிகளுக்குப் பூனை தொட்டில் ஆட்டுகிறதே, அங்கே அழுதேவிட்டேன்."

"திறங்கள். உங்கள் குட்டிகளையும் ஆட்டுகிறேன். நீங்கள் மிச்சத்தைப் படியுங்கள்."

முன்னட்டையிலிருந்து கொறித்தபடியே படித்துவந்த எலி, பாதியில் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை விலக்கத் தொடங்கியது.

"கொஞ்சம் இரு," என்று பின்னட்டையிலிருந்து புத்தகப்பூச்சி தலை நீட்டியது. "நான் கடைசிப் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறேன். அங்கே பூனை இருக்கிறது, தொட்டில் இருக்கிறது. குட்டிகளைத்தான் காணோம்."

எலி தன் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன அக்கா, யோசனை?" என்றது பூனை.

"நல்ல கதைதான். முடிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை," என்று சொல்லிவிட்டு, பாதி விலக்கிய தாழ்ப்பாளை எலி அழுத்திப் போட்டது.