கத்திக்காரி

“முகமூடிக் கொலைகாரனைக் கதாநாயகியே கத்தியோட துரத்துறா! எப்படி சார் தோணுச்சு?” என்று கேட்டார் நிருபர்.

“பொண்ணுன்னா சும்மாவா?” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் இயக்குநர்.

பேட்டி முடிந்ததும், கதையைத் தட்டச்சு செய்து கொடுக்கும் பெண்ணிடம் பாய்ந்தார்.

“அலறிக்கிட்டு ஓடுறான்னுதானே ‘கத்திக்கொண்டு ஓடுகிறாள்’னு எழுதிக் கொடுத்தேன்? நீ ‘கத்தி கொண்டு ஓடுகிறாள்’னு அடிச்சு வெச்சிருக்கே! கதாநாயகியா நடிச்ச பொண்ணும் நிஜமாவே கத்தியைத் தூக்கிட்டுக் கொலைகாரனை ஓட ஓட விரட்டிட்டா. நான் ‘கட்’ சொல்றதுக்குள்ள தயாரிப்பாளர் கைதட்டிட்டாரு. நல்லவேளை, மானம் தப்பிச்சுது! நடுவுல இருந்த ‘க்’கை ஏம்மா முழுங்கினே?”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இத்தனை படமா பொண்ணுங்களைத் தொண்டை கிழியக் கத்த மட்டும்தான் விட்டீங்க. அடிச்சு அடிச்சுப் பசியெடுத்துடுச்சு சார், முழுங்கிட்டேன். அடுத்த கதையைக் கொடுங்க, இன்னும் பசி அடங்கல.”