தீரில் கொண்டுவந்த நூல்

வீட்டில் ஏதாவது ஒன்றை அளந்து, அதே நீளத்துக்கு நூல் வெட்டி வரச் சொல்லியிருந்தாள், நார்வேத் தீவொன்றின் மழலைப் பள்ளி ஆசிரியை ராக்னில்டு. நூல்களெல்லாம் சுவரில் ஒரே கோட்டிலிருந்து தொங்கின. மகள் தீரிலை அழைத்துப்போக வந்த சிக்பியோர்னுக்கு, அவள் நூலுக்கு மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்ததும் வியர்த்தது: ‘தீரில்: அப்பா பிடித்த காட் மீன்.’

ராக்னில்டு நூல்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்து, சீட்டில் அளவை எழுதினாள். “முப்பத்தெட்டு சென்டிமீட்டர். நாப்பத்திநாலுக்குக் குறைஞ்ச மீனைக் கடல்லயே விட்டுடணும், இல்லையா?”

“சின்னப் பிள்ளை. நூலைத் தொளதொளன்னு பிடிச்சிருப்பா.”

“அப்படிப் பிடிச்சா நூல் நீளமால்ல வரும்?”

“தலையப் பூனை தின்னுடுச்சுப்பா,” என்றாள் தீரில்.

சிக்பியோர்னுக்கு உயிர் வந்தது. “பாத்தீங்களா? தலையில்லாத மீனை அளந்திருக்கா.”

“அளந்தப்புறம்தான்ப்பா தின்னுச்சு.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “அந்த நூலை மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க. வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும்.”

அதற்குள் தன் மகனை அழைத்துப்போக வந்த மீனவன் ஒட்வார், சுவரை நிதானமாகப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

“மீன்வள அதிகாரி ஐயா, போன வாரம் ஒரு சென்டிமீட்டர் குறையுதுன்னு என் மீனைப் பிடுங்கிக்கிட்டுப் போனீங்களே, அந்த அளவுகோல் இப்ப கையில இருக்கா?”