மஞ்சள் சிவந்த துணி

“இந்தக் காலத்துல படிச்சதுங்கதான் அதிகமாச் சகுனம் பாக்குதுங்க” என்று தன் சாயப்பட்டறையில் முணுமுணுத்தார் மயில்சாமி. சாமி, பூதம் எதையும் நம்பாதவர். வேதியியல் படித்த மருமகள் வினிதாவோ, வெளுத்து முடித்த துணியில் ஈர மஞ்சளைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நல்லூருக்குத் தைக்கப் போகும் குழந்தை பனியன் துணி அது. வண்டி வாசலில் நின்றது.

மஞ்சள் ரத்தமாய்ச் சிவந்தது.

“லோடு ஏத்தாதீங்க!” என்று கத்தினாள் வினிதா.

“ஏம்மா, ஆத்தாளுக்குக் கோவமா?”

அவள் எலுமிச்சம்பழத்தை அறுத்தாள்.

“செரியாப் போச்சு. சுத்திப் போடப் போறா!”

அவள் சுற்றவில்லை, சிவப்பின் மேல் பிழிந்தாள். அது மறுபடி மஞ்சளானது.

“புளிப்பா காரமான்னு பாக்குற பி.எச். பேப்பர் தீந்துபோச்சுங்க மாமா. புளிப்புக்குக் காரணம் ஹைட்ரஜன் அயனிதானுங்க. அது ரொம்பக் குறைஞ்சா மஞ்சள் செவந்துரும். எலுமிச்சை அதைக் குடுத்ததும் பழையபடி ஆயிருச்சு பாருங்க. வெளுக்கப் போட்ட காஸ்டிக் காரம் துணியில இருந்து இன்னும் போகலீங்க. அப்படியே போட்டா பச்சக் கொழந்தைக்கு மேலெல்லாம் புண்ணாயிரும்.”

மயில்சாமி அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை மறுபடி அலசச் சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

“கெட்டிக்காரிதான் கண்ணு. ஆனா அந்த அயனிய யாரு பாத்தா? நாளைக்கு வேப்பிலையோட வந்து நின்னீன்னா, நான் பட்டறைப் பக்கமே வரமாட்டேன்” என்றபடி நடந்தார்.