பெற்ற வயிறு

"அழாதீங்கம்மா. அவனை வீட்டுக்கு அனுப்பப் போறதில்ல. முதல்ல உட்காருங்க."

பாதிரியார் படிப்புக்கான அந்தக் குருமடத்தின் அதிபர் தன் நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இஸ்திரி விவகாரமா ஒரு அம்மா வந்திருக்காங்க" என்று வாசல்காரர் சொன்னதுமே அவருக்கு விளங்கிவிட்டது. மாணவனை வெளியேற்றும் பேச்சு எழுந்தால் போதும், தாய்மார்கள் இப்படித்தான் அலறியடித்துக்கொண்டு வருவார்கள்.

காலடியில் இருந்த பையில் ஃபிளாஸ்க்கும் போர்வையும் தெரிந்தன. எங்கிருந்து பஸ் ஏறினாளோ, பாவம்.

நடந்தது சின்ன விஷயம் இல்லைதான். குருப்பட்டத்துக்கென்று தைத்த வெள்ளை அங்கியைச் சலவைக்காரர் கருக்கிவிட்டார். ஆத்திரத்தில் மாணவன் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி, அவர் காதோடு சேர்த்து அடித்துவிட்டான்.

விரட்டியே ஆகவேண்டும் என்று பேராசிரியர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதிபர் மசியவில்லை. இரக்கத்தை அனுபவிக்காதவன் நாளைக்கு யாருக்கு இரக்கம் காட்டப்போகிறான் என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்துவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அப்போ அவனுக்கு ஒண்ணும் ஆகாதா, சாமி?"

"ஒண்ணும் ஆகாது. அடுத்த மாசம் பட்டம். அவன் வைக்கிற முதல் பூசையை முன் வரிசையில உட்கார்ந்து பார்க்கத்தான் போறீங்க."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்ற வயிறு, சந்தோஷத்தில் பேச்சு அடைத்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

"மன்னிப்புக் கேட்டானா?"

"கேட்காம? என் காலைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

"உங்க காலையா?"

"ஆமாம்மா. நானும் மனசார மன்னிச்சுட்டேன்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "அடிபட்டவனை யாராவது போய்ப் பார்த்தீங்களா, சாமி?"

"ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. டாக்டருங்க பார்த்துப்பாங்க." அதிபர் எழுந்து, ஆசீர்வதிக்க அவள் தலைமேல் கையை உயர்த்தினார். "அதெல்லாம் நீங்க மனசுல போட்டுக்காதீங்க. உங்க பிள்ளை பிழைச்சுட்டான், அதை நினைச்சு சந்தோஷப்படுங்க."

அவள் தலையை விலக்கிக்கொண்டு, பையை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில கிடக்கிறவன்தான் சாமி, என் பிள்ளை."