பிறகு நடக்கப்போகும் களவு

கண்டியில் புதிதாகத் திறந்த அணுத் தடயவியல் ஆய்வுகூடத்துக்கு முதன்முதலாக வந்தது ஓர் உலோகத் துண்டு. கதிர்வீச்சு உள்ள அந்தத் துண்டு கடுகண்ணாவையில் ஒரு பழைய இரும்புக் கடையில் பிடிபட்டிருந்தது. களவுப் பொருள் என்ற சந்தேகத்தில் இன்ஸ்பெக்டர் கடைக்காரர் ஹபீலையும் விலங்கோடு அழைத்து வந்திருந்தார். துண்டு எப்போது உருவானது என்று விஞ்ஞானி சுகிர்தா திரும்பத் திரும்ப அளந்தாள். விடை மாறவில்லை.

“இது ஏதோ ஓர் அணு உலையில இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் உருவாகும், சேர்.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். “அப்போ களவு இன்னும் நடக்கல்ல.”

“அதத்தானே நானும் காலையில இருந்து செல்றேன்,” என்றார் ஹபீல்.

விலங்கைக் கழற்றி அவரை அனுப்பிவிட்டார்கள்.

அப்போது பணிப்பாளர் உற்சாகமாக உள்ளே வந்தார். “சுகிர்தா, நமக்கு ஆராய்ச்சிக்கு ஒரு சின்ன அணு உலை தரப் போறாங்களாம். எங்க வைக்கலாம்?”

சுகிர்தா துண்டைப் பார்த்தாள்.

“எங்க வச்சாலும் நல்ல பூட்டா போடணும், சேர்.”